அடிச்சட்டத்துத் துரு

சங்கத்து மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் ஒரு மாலைப்பொழுதில் இல்லம் தேடி வந்தார். சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ நான்கு பக்கம் எழுதித் தருவோம் என்று அவர் எதிர்பார்த்தார் என்பதை நாம் அறிவோம். இளங்கலைப் பட்டத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தராய்க் கோப்புகளுக்கு எண்ணிட்டுக் காலங்கழிக்கும் நமக்கு, சிலம்பைப் பற்றிப் புலவர் பெருமக்கள் சொல்லாத எதைச் சொல்ல இயலும்? ஆகவே, “துருவைப் பற்றி எழுதலாமா?” என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, “எதைப் பற்றியேனும் எழுதுங்கள், அச்சகத்தாருக்குக் கொடுக்க வேண்டிய நாளை மட்டும் தவறவிடாதீர்கள்” என்றார். அப்பெருந்தன்மைக்கு நன்றி கூறித் தொடங்குகிறோம்.

தங்கவயல்காரர்க்குத் துரு புதிய செய்தியன்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் அதன்பின் நின்றுபோக, ஆழத்துக் குடைவுகளில் நீர் ஏறிற்று. மேலே, ஆட்களையும் கல்லையும் ஏற்றியிறக்கிய இரும்புக் கோபுரங்கள் வேலையற்றவர்களைப் போல் நின்று பழுப்பேறின. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் இரயில் நிலையம் வரை செல்கிறவன் எப்பக்கம் திரும்பினும் அவற்றுள் ஒன்றைக் காண்பான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த துரு. நாம் சொல்லப் புகுந்தது, புதுச் சாயத்தின் கீழே ஒளிந்திருந்த துருவைப் பற்றி.

நம் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. அங்கே குடித்த கல்தூசு அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. முதுமையில் அவரால் ஒருமணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருக்க இயலாது. சாய வேண்டும், சிறிது படுக்க வேண்டும், எழுந்து இருமித் தண்ணீர் குடிக்க வேண்டும். பேருந்தும் இரயிலும் அவருக்கு எட்டாதவை ஆயின. ஊர் சுற்றும் ஆசை மட்டும் குறையவில்லை. “பூமிக்குள்ள போனது போதும், பூமிமேல எங்கனா போலாம்” என்பார்.

2016-ஆம் ஆண்டில் தமையனாரும், அக்காள் கணவரும், நாமுமாக மூவரும் பணம் சேர்த்துப் பழைய டாட்டா 407 வண்டியொன்றை வாங்கினோம். கடற்கரை ஊரொன்றில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. இருக்கைகளிற் பாதியைக் கழற்றிவிட்டு, படுக்கப் பலகைகள் இரண்டு, மூலையில் அடுப்பு மேடை, மேலே பாத்திரம் வைக்கத் தட்டு, இடப்பக்கம் பின்சக்கரத்திற்கு மேலாக நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதற்கொரு குழாய் என அமைத்தோம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அனுமதி பெறவேண்டும். எழுத்தருக்கே உரிய அச்சத்தோடு, அவ்வேலையை மட்டும் குறைவற முடித்தோம். பணக்காரர்கள் இத்தகைய வண்டியைக் ‘கேரவன்’ என்கிறார்கள். நம் தெருப் பிள்ளைகள் ‘ஊட்டு வண்டி’ என்றார்கள். அப்பெயரே நிலைத்தது.

வாங்கச் சென்ற அன்று நாம் மூவரும் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கத்தான் செய்தோம். கன்னங்கரேலென்று புதுச் சாயம் பூசி மினுமினுவென்று இருந்தது. “எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார் பார்” என்று தமையனார் வியந்தார், நாமும் ஆமென்றோம். பழைய வண்டியின் அடியில் புதிய சாயம் எதற்கு என்ற கேள்வி மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலிலிருந்து தொலைவில், மேட்டு நிலத்தில், வறண்ட காற்றில் வாழ்கிறவர்கள் நாம். இங்கே முற்றத்திற் போட்ட கடப்பாரை பத்தாண்டு கிடந்தாலும் மேலே மட்டுமே பழுப்பேறும். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைக் கடலோரத்தான் அறிவான், விற்றவர் கடலோரத்தார்.

2018-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் தந்தையாரை இராமேசுவரம் அழைத்துச் சென்றோம். பாம்பன் சாலைப்பாலத்தின் நடுவே வண்டியை மெல்லச் செலுத்தச் சொல்லி, படுத்தபடியே சன்னல் வழியாகப் பக்கத்து இரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் அது. கப்பல் வந்தால் நடுப்பகுதி இரு கைகளைப் போல் மேலே விரிவது அப்போது வழக்கம். 1964 டிசம்பர்ப் புயலில் அதன் தூலங்களிற் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. ஸ்ரீதரன் என்னும் பொறியாளர் தலைமையில் நாற்பத்தாறு நாளில் மீண்டும் நிறுத்தினார்கள். இவற்றையெல்லாம் நாம் பெருமையோடு விளக்க, தந்தையார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதுக்குச் சாயம் அடிக்கிறவன் எப்படா முடிப்பான்?” முடிக்க முடியாது என்பதே உண்மை. ஒரு கோடியிலிருந்து பூசிக்கொண்டு மறுகோடியை அடைவதற்குள் முதற்கோடி மீண்டும் பழுக்கத் தொடங்கிவிடும். அவ்வளவு பேணியும், துருவின் காரணமாக 2022 டிசம்பரில் அப்பாலத்தில் இரயிலை நிறுத்த நேர்ந்தது. 2025 ஏப்ரல் 6-இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்தக் கடற்கரைக் காற்றின் கொடுமையை அறிந்துதான், காரைக்குடியிலுள்ள மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் இரும்புத் தகடுகளை வெளியில் வைத்து ஆராய்ந்தார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்கி அமைந்த நிலையம் அது.

அன்று நாம் செய்த பிழை வேறு. தனுஷ்கோடி மணலில் வண்டியை இரண்டு இரவு நிறுத்திச் சமைத்து உண்டு உறங்கினோம். ஊர் திரும்பியபின் மேலே கழுவினோம், அடியைக் கழுவவில்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் பின்கதவு சரியாகச் சாத்தவில்லை. சற்றே தூக்கிப் பிடித்து அழுத்தினால் மூடிக்கொள்ளும். பட்டறையொன்றில் காட்டியபோது, தாழ்ப்பாள் விழும் துளையை அரத்தால் அராவிப் பெரிதாக்கி, நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கதவு மூடிற்று, நாமும் மகிழ்ந்தோம். நோயாளிக்கு இடுப்பு வளைந்துவிட்டதென்று சட்டையைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தாற் போன்ற வைத்தியம் அது என்பது பின்னரே விளங்கிற்று. ஒரு திங்களுக்குப் பின் கதவு மறுபடியும் முட்டிற்று. வேகத்தடையில் ஏறியிறங்கும்போது ‘நெறு நெறு’ என்று ஓர் ஒலியும் சேர்ந்துகொண்டது.

சுரங்கத்துப் பட்டறையில் கொல்லுவேலையும் வெல்டிங்கும் செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தந்தையாரின் நண்பர். அவரை அழைத்து வந்தோம். பெரியவர் கதவைப் பார்க்கவேயில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாக்கை விரித்து வண்டியின் அடியிற் புகுந்தார். கையில் ஒரு சிறு சுத்தியல், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு காந்தத் துண்டு, அவ்வளவே. அடிச்சட்டம் என்று நாம் எழுதுவதைப் பட்டறையில் சேசிஸ் என்பார்கள். முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட சானல்களும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் துண்டுகளுமே அது. வண்டியின் மேற்கூடு முழுதும் அதன் முதுகில்தான் அமர்ந்திருக்கிறது. பெரியவர் அச்சானலை முன்னிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். ‘டங், டங்’ என்று மணிபோல் ஒலித்தது. இடப்பக்கப் பின்சக்கரத்திற்கு மேலே, வில் பட்டை தொங்கும் இடத்தை நெருங்கியதும் ஒலி ‘பொத்’தென்று இறங்கிற்று. காந்தத்தை வைத்தார், ஒட்டாமற் கீழே விழுந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

“உள்ள இரும்பு இல்ல தம்பி. பட்டியும் துணியும் தாரும்தான் இருக்குது” என்றார்.

கறுப்புச் சாயத்தைச் சுரண்டச் சுரண்ட அது விளங்கிற்று. ஓட்டை விழுந்த இடத்தில் துணியைத் திணித்து, பட்டி பூசித் தேய்த்து, மேலே தார் கலந்த சாயத்தை அடித்திருந்தார்கள். விற்றவரின்மேல் நமக்கு எழுந்த சினத்தை இங்கு எழுதப் போவதில்லை. மலரின் தகுதி கெடும். ஆனால் பெரியவர் அத்தோடு விடவில்லை. மேற்கூட்டிற்கும் சேசிசுக்கும் நடுவே வைத்திருந்த கட்டைத் துண்டை நெம்பி எடுத்தார். நீரில் ஊறிய ரொட்டிபோல் அது பிய்ந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தால், நேர் மேலே நாம் வைத்த தண்ணீர்த் தொட்டி; அதன் குழாயடியில் ஓயாது ஒரு கசிவு. மூன்றாண்டாய்ச் சொட்டுச் சொட்டாய் விழுந்த நீரைக் கட்டை குடித்து, பக்கத்து இரும்புக்கு ஊட்டியிருக்கிறது. தனுஷ்கோடி உப்பு அதற்குத் துணையாய் நின்றிருக்கிறது. “அவரு பாதி, நீங்க பாதி” என்றார் பெரியவர். நம் சினம் அங்கே சற்று இறங்கிற்று.

துரு நடக்கும் வகையை அவர் நமக்குச் சொன்னதோடு, பின்னர் நாம் நூல்களிற் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அந்நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்தும், வேலை விரைவாகும். வெட்டவெளியில் உள்ள இரும்பு மழையில் நனைந்தாலும் வெயிலிற் காய்ந்துவிடும். இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கும், சேறு அடைத்த மூலையும், நீர் வடியும் துளை அடைபட்ட சானலும் காய்வதேயில்லை. அன்றியும், இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். இரண்டு தகடுகளுக்கிடையே பிறந்த துரு, கல்லிடுக்கில் ஆலவேர் புகுந்தாற்போல் அவற்றைப் பிளந்து, ரிவெட் ஆணியையும் தெறிக்கச் செய்யும். நம் ‘நெறு நெறு’ ஒலி அதுவே. இதற்கிடையில் ஓர் எண்ணம்: நமக்கு அண்மையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. நான்காயிரம் ஆண்டு மண்ணுக்குள் தடம் விட்டிருக்கிறது அந்த இரும்பு. நம்முடையது மூன்றாண்டுக் குழாய்க் கசிவுக்குத் தாளவில்லை.

இனி நாம் சொல்லக் கூசுவது ஒன்று உண்டு. எழுதத் தொடங்கியபின் மறைப்பது முறையன்று.

பெரியவர் பார்த்துச் சென்ற அதே வாரத்தில் அக்காள் கணவர் ஒருவரை அழைத்து வந்தார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர், பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோய்விட வண்டி தேடிக்கொண்டிருந்தார். மேலே சுற்றிப் பார்த்தார், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், குனிந்து அடியையும் பார்த்தார். சுரண்டிய இடத்தைத் தமையனார் முன்னாள் மாலையே கறுப்புச் சாயம் கொண்டு மூடியிருந்தார். வந்தவர் இரண்டு இலட்சத்திற்கு ஒப்பினார்; ஞாயிற்றுக்கிழமை முன்பணத்தோடு வருவதாய்ச் சொல்லிப் போனார். நாம் அப்போது பக்கத்தில்தான் நின்றோம். ஒன்றும் சொல்லவில்லை. வாங்குகிறவன் பார்த்துத்தானே வாங்க வேண்டும், நம்மை யார் எச்சரித்தார்கள் என்று மனம் கோப்பிற் குறிப்பெழுதுவதுபோல் ஒழுங்காக வாதிட்டது. இரண்டு நாள் அந்த வாதத்தோடு அலுவலகம் சென்று வந்தோம்.

சனிக்கிழமை இரவு தந்தையாருக்கு மருந்து கொடுக்கும்போது செய்தியைச் சொன்னோம். இருமல் அடங்கும்வரை காத்திருந்து, “அதுல ஏறப்போறது யாரு?” என்று கேட்டார்.

“பள்ளிக்கூடப் பிள்ளைங்க, நைனா.”

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு, சம்பந்தமில்லாதது போல், சுரங்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெடி வைத்த இடத்துக்கு மறுபடியும் போகிறவன் முதலில் நீண்ட கம்பியால் தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டிக்கொண்டே போவானாம். கெட்டிப்பாறை கணீரென்னும், பிடிப்பு விட்ட பாறை கனமாய், மந்தமாய்ச் சொல்லும். மந்தமாய்ச் சொன்ன இடத்தை நெம்பித் தள்ளிவிட்டுத்தான் மற்றவரை உள்ளே கூப்பிட வேண்டும். ஒருமுறை, வேலை முடியும் நேரம், களைப்பு. ஓரிடம் மந்தமாய்ச் சொன்னதைக் கேட்டும், அடுத்த ஷிப்டுக்காரன் பார்த்துக்கொள்வான் என்று இவர் மேலே ஏறிவிட்டாராம். பாதி வழியில் கால் போகவில்லையாம். திரும்பக் கீழே இறங்கிப்போய்த் தள்ளிவிட்டு வந்தாராம். “தள்ளுனப்ப எவ்ளோ விழுந்துது நைனா?” என்று கேட்டோம். “ஒரு ஆளு அளவு” என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை வந்தவரை நாமே வண்டியின் அடிக்கு அழைத்துச் சென்று, ஸ்குரூ டிரைவரைக் கையிற் கொடுத்தோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு புறப்பட்டார். அக்காள் கணவர் நம்மோடு ஒரு திங்கள் பேசவில்லை. அவர் பங்குப் பணத்தை நாம் தவணையிற் கொடுத்து முடித்தோம்.

வேலை 2019 டிசம்பரில் தொடங்கி இருபத்திரண்டு நாள் நடந்தது. முதலில் தொட்டி, பலகைகள், அடுப்பு மேடை யாவும் இறங்கின. பேட்டரி வயரைக் கழற்றி, டீசல் டேங்கையும் இறக்கித் தொலைவில் வைத்தபின்தான் வெல்டிங் இயந்திரத்தைப் பெரியவர் உள்ளே விட்டார். யூ-போல்ட்டுகளைத் தளர்த்தி மேற்கூட்டை ஜாக்கியால் நான்கு விரற்கிடை தூக்கினார். சேசிசின் இருபுறமும் தாங்குகட்டை கொடுத்து, நூல் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து, தொய்ந்திருந்ததை நேராக்கினார். தொய்ந்தபடியே ஒட்டினால் வண்டி ஆயுள் முழுதும் நண்டுபோல் ஓரஞ்சாய்ந்து ஓடும் என்றார்.

துருவின்மேல் துண்டுத்தகடு வைத்து ஒட்டுவதுதான் எளிது. பல இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள். பெரியவர் அதைத் தொடவில்லை. கிரைண்டரை வைத்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துக்கொண்டே போனார். ஓட்டை உள்ளங்கை அளவுதான். நல்ல இரும்பு தென்படுகையில் ஒன்றரை அடி போய்விட்டது. அவ்வளவையும் அறுத்தெடுத்துவிட்டு, அதே கனத்தில் வளைத்த சானல் துண்டைப் பொருத்தினார். உட்புறம் நீளமான வலுத்தகடு ஒன்று. அதன் இரு முனைகளையும் சாய்வாக வெட்டச் செய்தார். நேராக வெட்டிக் குறுக்கே வெல்டிங் வைத்தால், வண்டியின் ஆட்டமெல்லாம் அந்தக் கோட்டிலேயே கூடி அங்கேயே முறியும்; சாய்வாக இருந்தால் பாரம் சிறிது சிறிதாகக் கைமாறும். பழைய துளைகளில் போல்ட்டுகளை முறுக்கினார். வலப்பக்கமும் நன்றாயிருக்கிறதே என்றோம். தட்டிப் பார்த்துவிட்டு, அங்கும் ஒரு சாணளவு மெலிந்திருப்பதைக் காட்டினார்.

பின்னர் நிறையத் தண்ணீர் பீய்ச்சி உப்பையும் சேற்றையும் கழுவி, மூன்று நாள் வெயிலிற் காயவிட்டோம். எட்டாத மூலைகளில் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருமாற்றியைத் தடவினால், எஞ்சிய மெல்லிய துரு கறுத்து இறுகும். தடித்த துருவுக்கு அது பயன்படாது. தேய்த்த இரும்பின்மேல் துத்தநாகம் கலந்த பிரைமர், அதன்மேல் எபாக்சிச் சாயம் இரண்டு கைகள். சானலின் உட்புறத்தில் மெழுகு கலந்த எண்ணெயை நீண்ட குழாயால் தெளித்தோம். பட்டறைகளில் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கும் வழக்கம் உண்டு. அது துருவைத் தடுப்பது மெய்தான். ரப்பர் புஷ்களையும் தின்றுவிடும். அடைபட்டிருந்த வடிகால் துளைகளைத் திறந்தோம். மரக்கட்டைக்கு மாற்றாகத் தடித்த ரப்பர் வந்தது. தொட்டியின் கீழே எவர்சில்வர்த் தட்டு ஒன்றை அமைத்து, கசிவு நீர் சேசிசைத் தொடாமல் தரைக்குப் போகக் குழாய் விட்டோம். செலவு நாற்பத்தாறாயிரம். பெரியவர் தம் கூலியாகக் கேட்டது அதிற் சிறு பகுதியே. கதவு, தாழ்ப்பாளை மாற்றாமலே, ஒரு விரலால் தள்ள மூடிற்று.

2020 பிப்ரவரியில் குடியாத்தம் பக்கமுள்ள மூதாதையர் ஊருக்குத் தந்தையாரை அழைத்துச் சென்றோம். அவர் பாட்டனார் தங்கவயலுக்குப் பிழைக்க நடந்து வந்த ஊர். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து, படுத்தபடி மாலைவரை நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். வண்டி தெருவோரத்தில் இரண்டு ஆண்டு நின்றது.

மழை ஓய்ந்ததும் ஆண்டுக்கொருமுறை நாம் சாக்கை விரித்து அடியிற் புகுகிறோம். எழுத்தர் வயிற்றோடு புகுவது எளிதன்று. இவ்வாண்டு பின்சக்கரத்துக்கு அருகே சிறிது நேரம் மாட்டிக்கொண்டோம். மகன் பக்கத்திற் படுத்து டார்ச்சு விளக்கைப் பிடித்தான். முன்னிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டு வந்தோம். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒலி சற்றே மாறும். அங்கே இரண்டு தகடுகள் இருப்பதால் அப்படித்தான் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். ஆயினும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒருகணம் நிற்கிறது. மகன் சுத்தியலை வாங்கி அதே இடத்தில் தானும் தட்டினான். காதைச் சானலோடு வைத்துக் கேட்டுவிட்டு, வலப்பக்கத்திற்கு நகர்ந்தான்.